நீதிபதி ஐசக் பார்க்கர்: தூக்குமேடையும் மேல்முறையீடும்

ஐசக் சார்லஸ் பார்க்கர் (அக்டோபர் 15, 1838 – நவம்பர் 17, 1896) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி நீதிபதிகளுள் ஒருவர். ஆர்க்கன்சா மாநிலத்தின் மேற்கு மாவட்டத்துக்கான கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1875 முதல் 1896 வரை 21 ஆண்டுகள் பணியாற்றினார். அந்தக் காலத்தில் அவர் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். இதனால் "தூக்கு நீதிபதி" என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. திரைப்படங்களும் கதைகளும் அவரை இரக்கமற்ற ஒரு மனிதராகவே சித்தரித்துள்ளன.

ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால் வேறொரு கேள்வி முன்னால் வருகிறது. அவர் கொடியவரா நல்லவரா என்பதைவிட, அவர் தவறு செய்திருந்தால் அதைத் திருத்த யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதே அந்தக் கேள்வி. அவருடைய பதவிக் காலத்தின் முதல் 14 ஆண்டுகளில் அவர் விதித்த மரண தண்டனையை எதிர்த்து எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய வழி இல்லை. அந்த வழி திறக்கப்பட்ட பிறகு நடந்தவையே பார்க்கரின் வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதியாகும்.

இளமையும் கல்வியும்

பார்க்கர் ஒஹாயோ மாநிலத்தின் பெல்மான்ட் கவுண்டியில் பார்ன்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் பார்க்கர். தாய் ஜேன் ஷானன். ஒஹாயோ ஆளுநராக இருந்த வில்சன் ஷானன் தாய்வழி உறவினர் ஆவார். பண்ணை வேலைக்கு இடையே பள்ளியில் படித்த பார்க்கர், மேற்படிப்புச் செலவுக்காகக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

அக்காலத்தில் சட்டம் படிக்கச் சட்டக் கல்லூரிக்குச் சென்றே ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்றுக்கொண்டே நூல்களைப் படித்துத் தேர்ச்சி பெறுவது வழக்கம். பார்க்கரும் 17 வயதில் அவ்வாறே தொடங்கி, 1859இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். பின்னர் மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகருக்குச் சென்று, அங்கே வழக்கறிஞராக இருந்த தம் மாமாவின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1861 டிசம்பரில் மேரி ஓடூல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்கள் பிறந்தனர்.

அரசியல் வாழ்க்கை

1861ஆம் ஆண்டு ஏப்ரலில் செயின்ட் ஜோசப் நகர வழக்கறிஞர் பதவிக்குப் பார்க்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே மாதத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அதுவரை ஜனநாயகக் கட்சியில் இருந்த அவர், அடிமை முறை குறித்த கருத்து வேறுபாட்டால் அதை விட்டு விலகிக் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். ஒன்றிய அரசை ஆதரித்த உள்ளூர்க் காவல் படையிலும் பணியாற்றினார். 1864ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் குழு உறுப்பினராக ஆபிரகாம் லிங்கனுக்கு வாக்களித்தார்.

1868இல் மிசூரி மாநில வட்டார நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1870இல் நடந்த தேர்தலில் வென்று, 1871 முதல் 1875 வரை இரு முறை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உறுப்பினராக இருந்தார். அமெரிக்கப் பிரதேசங்களில் பெண்களுக்கு வாக்குரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் வழங்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த சட்ட முன்வரைவு நிறைவேறவில்லை. இரண்டாம் முறை உறுப்பினராக இருந்தபோது தொல்குடி மக்களை அரசு நேர்மையாக நடத்த வேண்டும் என்று அவர் பேசிய பேச்சுகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன.

செனட் அவைக்குச் செல்ல அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட் அவரை யூட்டா பிரதேசத்தின் தலைமை நீதிபதியாக நியமிக்க முன்வந்தார். பார்க்கர் அதற்குப் பதிலாக ஆர்க்கன்சாவின் மேற்கு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்டுப் பெற்றார். அங்கே முன்பு இருந்த வில்லியம் ஸ்டோரி என்னும் நீதிபதி ஊழல் குற்றச்சாட்டுகளால் பதவி விலகியிருந்தார். 1875 மார்ச் 19 அன்று பார்க்கரின் நியமனத்துக்குச் செனட் ஒப்புதல் அளித்தது. அப்போது அவருக்கு வயது 36.

நீதிமன்றத்தின் எல்லை

பார்க்கரின் நீதிமன்றம் ஏன் தனித்தன்மை வாய்ந்தது என்பதை அறிய அதன் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் கொலை, கொள்ளை போன்ற குற்றங்களை வழக்கமாக அந்தந்த மாநில நீதிமன்றங்களே விசாரிக்கும். கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இத்தகைய வழக்குகள் குறைவாகவே வரும். ஆனால் ஃபோர்ட் ஸ்மித் நகரில் இயங்கிய இந்த நீதிமன்றத்துக்கு ஆர்க்கன்சாவின் மேற்குப் பகுதியோடு, எல்லைக்கு அப்பால் இருந்த "இந்தியப் பிரதேசமும்" ஒப்படைக்கப்பட்டிருந்தது. இன்று ஒக்லஹோமா மாநிலமாக இருக்கும் நிலப்பகுதியின் பெரும்பகுதி அது. நீதிமன்றத்தின் அதிகார எல்லை ஏறத்தாழ 74,000 சதுர மைல்.

செரோக்கி, சோக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து தொல்குடி நாடுகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்கிழக்கில் இருந்த தங்கள் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே குடியேற்றப்பட்டிருந்தன. இந்நாடுகளுக்குச் சொந்தச் சட்டங்களும் நீதிமன்றங்களும் காவலர்களும் இருந்தனர். எனினும் தம் மக்களுக்கிடையே நடந்த குற்றங்களை மட்டுமே அவர்களால் விசாரிக்க முடியும். குற்றம் செய்தவரோ பாதிக்கப்பட்டவரோ தொல்குடியினர் அல்லாதவராக இருந்தால் வழக்கு ஃபோர்ட் ஸ்மித்துக்கு வர வேண்டும்.

இந்த இடைவெளியைக் குற்றவாளிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டனர். பிற மாநிலங்களில் கொலையும் கொள்ளையும் செய்தவர்கள் இந்தியப் பிரதேசத்துக்குள் தப்பி ஓடினர். அங்கே அவர்களைப் பிடிக்க மாநிலக் காவலர்களுக்கு அதிகாரம் இல்லை. தொல்குடிக் காவலர்களுக்கும் அதிகாரம் இல்லை. குதிரைத் திருடர்களும் சாராயம் கடத்துபவர்களும் அங்கே பெருகினர். இவர்களால் மிகுதியும் துன்பப்பட்டவர்கள் அந்த மண்ணில் வாழ்ந்த தொல்குடி மக்களே.

முதல் விசாரணைகள்

1875 மே 4 அன்று பார்க்கர் ஃபோர்ட் ஸ்மித் வந்து சேர்ந்தார். மே 10 அன்று நீதிமன்றம் கூடியது. முதல் அமர்விலேயே கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 18 பேர் அவர் முன் நிறுத்தப்பட்டனர். 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் தப்பி ஓட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றொருவரின் இளவயதைக் கருதித் தண்டனை குறைக்கப்பட்டது. எஞ்சிய ஆறு பேரும் 1875 செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர்.

அதைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தொலைதூர நகரங்களிலிருந்தும் செய்தியாளர்கள் வந்தனர். பார்க்கரின் பெயர் நாடெங்கும் பரவியது அன்றுதான். பிற்காலத்தில் தூக்குமேடையைச் சுற்றி உயரமான வேலி எழுப்பப்பட்டு, பொதுமக்கள் கூடுவது கட்டுப்படுத்தப்பட்டது.

இங்கே ஒரு சட்ட நிலையைக் குறிப்பிட வேண்டும். அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி கொலைக்கும் வன்புணர்வுக்கும் மரண தண்டனை கட்டாயம். குற்றவாளியா இல்லையா என்பதை முடிவு செய்வது ஜூரி எனப்படும் 12 பேர் கொண்ட நடுவர் குழு. அது குற்றவாளி என்று கூறிவிட்டால், வேறு தண்டனை தர நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. எவரையும் தூக்கிலிட்டது தாம் அல்லர், சட்டமே என்பது பார்க்கர் தம் வாழ்நாள் முழுதும் கூறிவந்த விளக்கமாகும்.

துணை மார்ஷல்கள்

இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் குற்றவாளிகளைப் பிடிக்கும் பொறுப்பு மார்ஷலுக்கும் அவருடைய துணை மார்ஷல்களுக்கும் இருந்தது. இவர்களுக்கு நிலையான சம்பளம் இல்லை. அலுவல் பயணத்துக்கு மைலுக்கு 6 சென்ட், ஒரு கைதுக்கு 2 டாலர் என்ற அளவில் கட்டணமே கிடைத்தது. ஒரு வண்டி, ஒரு சமையல்காரர், கையில் சில பிடியாணைகள் ஆகியவற்றோடு வாரக்கணக்கில் குதிரையில் அலைந்து, பிடிபட்டவர்களைச் சங்கிலியால் பிணைத்து அழைத்து வருவார்கள். இப்பணியில் பலர் உயிரிழந்தனர்.

துணை மார்ஷல்களில் கறுப்பினத்தவரும் தொல்குடியினரும் இருந்தனர். அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் இவர்களுள் புகழ்பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பிடியாணைகளைப் பிறரைப் படிக்கச் சொல்லி மனத்தில் பதிய வைத்துக்கொண்டு தேடப்படுபவர்களைப் பிடித்தார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே முதன்முதலாக நியமிக்கப்பட்ட கறுப்பினத் துணை மார்ஷல்களுள் அவரும் ஒருவர்.

நிலவறைச் சிறை

நீதிமன்றம் ஒரு பழைய படைவீரர் குடியிருப்புக் கட்டடத்தில் இயங்கியது. அதன் நிலவறையே சிறை. இரண்டு பெரிய அறைகள் மட்டும் கொண்ட அந்தச் சிறையில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரும் சிறு திருட்டில் சிக்கியவரும் சாட்சி சொல்ல வந்தவரும் ஒன்றாக அடைக்கப்பட்டனர். காற்றும் வெளிச்சமும் குறைவு. கட்டில்கள் இல்லை. செனட் உறுப்பினர் ஹென்றி டாஸின் மகளான அன்னா டாஸ் இந்தச் சிறையை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை நாடாளுமன்றத்தில் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதன் பிறகு புதிய சிறைக்கு நிதி ஒதுக்கப்பட்டு, 1888இல் தனி அறைகள் கொண்ட சிறை பயன்பாட்டுக்கு வந்தது.

தொல்குடி நாடுகளும் பார்க்கரும்

தொல்குடியினரின் நிலத்தை வெள்ளையர் கைப்பற்றுவதைத் தடுப்பது தம் கடமை என்று பார்க்கர் கருதினார். டேவிட் பெய்ன் என்பவர் ஆட்களைத் திரட்டி இந்தியப் பிரதேசத்தில் அத்துமீறிக் குடியேற மீண்டும் மீண்டும் முயன்றார். அந்த நிலம் எவருக்கும் ஒதுக்கப்படாத பொது நிலம் என்பது அவருடைய வாதம். 1881இல் பார்க்கர் அந்த வாதத்தை ஏற்காமல், அவருக்கு 1,000 டாலர் தண்டம் விதித்தார். பெய்னிடம் பணம் இல்லாததால் தண்டத்தை வசூலிக்க முடியாமற்போனது வேறு செய்தி.

எனினும் இந்த நீதிமன்ற அமைப்பு தொல்குடியினருக்கு முழு நீதி வழங்கியது என்று கூற இயலாது. விசாரணை அவர்கள் நாட்டுக்கு வெளியே நடந்தது. சாட்சிகள் நூறு மைல், இருநூறு மைல் பயணம் செய்து ஃபோர்ட் ஸ்மித் வர வேண்டியிருந்தது. நடுவர் குழுவினரோ ஆர்க்கன்சாவிலிருந்து தெரிவு செய்யப்பட்டனர். குற்றம் நடந்த மண்ணின் மக்களுக்கு அக்குழுவில் இடம் இருக்கவில்லை.

மேல்முறையீடு இல்லாத காலம்

1889 வரை பார்க்கரின் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், குற்றவாளிக்கு எஞ்சியிருந்த ஒரே வழி குடியரசுத் தலைவரிடம் கருணை மனு அளிப்பதே. கருணை மனுவில் விசாரணை சரியாக நடந்ததா என்று சட்ட முறைப்படி ஆராயப்படுவதில்லை. இரக்கம் காட்டத் தக்கவரா என்பதே முதன்மையான கேள்வி. எனவே நீதிபதி சட்டத்தைத் தவறாக விளக்கியிருந்தாலும், ஏற்கக் கூடாத சான்றை ஏற்றிருந்தாலும், அதைப் பிழை என்று அறிவிக்க எந்த நீதிமன்றத்துக்கும் வாய்ப்பு இல்லை.

பார்க்கர் நேர்மையானவர் என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் காலை முதல் இருட்டும் வரை அவர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். 21 ஆண்டுகளில் அவர் முன் வந்த வழக்குகள் 13,490. அவற்றுள் 344 மரண தண்டனைக்குரியவை. ஆனால் நடுவர் குழுவுக்கு அறிவுரை கூறும்போது அவர் சட்டத்தை விளக்குவதோடு நிற்கவில்லை. கொலையுண்டவருக்காகவும் அவருடைய குடும்பத்துக்காகவும் உணர்ச்சி பொங்கப் பேசினார். குற்றவாளியைத் தப்பவிடுவது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்று வலியுறுத்தினார். சில நேரங்களில் அந்த உரைகள் மணிக்கணக்கில் நீண்டன. கூண்டில் நிற்பவர் குற்றவாளி என்று நீதிபதி கருதுகிறார் என்பது நடுவர்களுக்குப் புரியாமல் போகாது.

உச்ச நீதிமன்றத்தின் தலையீடு

1889 பிப்ரவரி 6ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், மரண தண்டனை பெற்றவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அணுக வழி செய்தது. ஜே. வாரன் ரீட் போன்ற வழக்கறிஞர்கள் இதை முழுமையாகப் பயன்படுத்தினர். ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து சென்ற மரண தண்டனை வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழக்குகளின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

ஹென்றி ஸ்டார் வழக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தன்னைக் கைது செய்ய வந்த ஃபிலாய்ட் வில்சன் என்னும் அதிகாரியை ஸ்டார் 1892இல் சுட்டுக் கொன்றார். வந்தவர் அதிகாரி என்பது தனக்குத் தெரியாது, தற்காப்புக்காகவே சுட்டேன் என்பது ஸ்டாரின் வாதம். பார்க்கர் மரண தண்டனை விதித்தார். 1894இல் தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர் எழுதிய தீர்ப்பில், பார்க்கரின் அறிவுரை நடுநிலையான விளக்கமாக இல்லாமல் ஒரு தரப்பின் வாதம் போல அமைந்தது என்று கண்டிக்கப்பட்டு, தண்டனை நீக்கப்பட்டது. மறுவிசாரணையிலும் மரண தண்டனையே கிடைத்தது. அதையும் உச்ச நீதிமன்றம் 1897இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் ஸ்டார் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அலெக்சாண்டர் ஆலன் என்னும் கறுப்பினச் சிறுவனின் வழக்கும் இத்தகையதே. வெள்ளையரான ஓர் இளைஞரைக் கொன்றதாக அவன்மீது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றம் 1893லும் 1895லும் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மூன்றாம் முறை, 1896 டிசம்பரில், தீர்ப்பை உறுதி செய்தது. கருத்தொற்றுமைக்கு வர முடியாமல் தவிக்கும் நடுவர் குழுவிடம், மற்றவர் கருத்துக்கும் செவிசாய்த்து மீண்டும் ஆலோசிக்குமாறு நீதிபதி கூறலாம் என்று அத்தீர்ப்பு ஏற்றது. இவ்வகை அறிவுரை "ஆலன் அறிவுரை" என்ற பெயரில் இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழங்குகிறது.

செரோக்கி பில் வழக்கு

மேல்முறையீட்டால் தீமையும் விளைந்தது என்று பார்க்கர் நம்பியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. "செரோக்கி பில்" என்று அழைக்கப்பட்ட கிராஃபோர்ட் கோல்ட்ஸ்பி 1895இல் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றார். மேல்முறையீட்டால் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. சிறையிலேயே காத்திருந்த அவர், கடத்திவரப்பட்ட கைத்துப்பாக்கியால் 1895 ஜூலை 26 அன்று லாரன்ஸ் கீட்டிங் என்னும் சிறைக் காவலரைச் சுட்டுக் கொன்றார். அப்போது அதே சிறையில் இருந்த ஹென்றி ஸ்டார்தான் அவரிடம் சென்று பேசித் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தார். செரோக்கி பில் 1896 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார்.

காவலரின் சாவுக்கு உச்ச நீதிமன்றத்தின் போக்கும் ஒரு காரணம் என்று பார்க்கர் பத்திரிகைகளில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நுணுக்கமான நடைமுறைக் குறைகளைக் காட்டிக் கொலையாளிகள் காப்பாற்றப்படுகிறார்கள் என்றார். உதவி அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் விட்னியுடனும் அவருக்குப் பகிரங்கமான மோதல் ஏற்பட்டது. கீழ்நிலை நீதிபதி ஒருவர் உச்ச நீதிமன்றத்தை இவ்வாறு பொதுவில் எதிர்த்தது அன்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு காவலரின் உயிர் போயிற்று. அதே வேளையில், ஸ்டார் 1889க்கு முன் தண்டனை பெற்றிருந்தால், பிழையான அறிவுரையைக் கேட்ட நடுவர் குழுவின் முடிவே இறுதியாகி அவர் உயிரும் போயிருக்கும். 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஸ்டாருக்கு மன்னிப்பு அளித்தார். விடுதலையான பின் ஸ்டார் மீண்டும் வங்கிக் கொள்ளையில் இறங்கி, 1921இல் கொள்ளை முயற்சி ஒன்றில் குண்டடிபட்டு இறந்தார். மேல்முறையீடு நல்லவர்களை மட்டும் காக்கும் ஏற்பாடு அன்று. விசாரணை முறையாக நடக்க வேண்டும் என்பதைக் காக்கும் ஏற்பாடு.

இறுதிக் காலம்

பார்க்கரின் அதிகார எல்லை 1883 முதலே சிறிது சிறிதாகச் சுருங்கி வந்தது. பிரதேசத்தின் பகுதிகள் வேறு நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. 1895 மார்ச் மாதச் சட்டத்தின்படி, 1896 செப்டம்பர் 1 முதல் இந்தியப் பிரதேசம் முழுவதும் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின் எல்லையிலிருந்து நீங்கியது. அந்த நாள் வந்தபோது பார்க்கர் சிறுநீரக நோயால் படுக்கையில் இருந்தார்.

நோயுற்றிருந்த அவரை அடா பேட்டர்சன் என்னும் பெண் செய்தியாளர் சந்தித்துப் பேசினார். மரண தண்டனையை ஒழிப்பதைத் தாமும் ஆதரிப்பதாக அவரிடம் பார்க்கர் கூறினார். ஆனால் குற்றத்துக்குத் தண்டனை உறுதியாகக் கிடைக்கும் என்ற நிலை முதலில் வர வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தண்டனை கடுமையாக இருப்பதைவிட உறுதியாக இருப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கருத்து.

1896 நவம்பர் 17 அன்று, 58ஆம் வயதில் பார்க்கர் காலமானார். ஃபோர்ட் ஸ்மித் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கிரீக் தலைவர்களுள் ஒருவரான பிளெசன்ட் போர்ட்டர் அவருடைய கல்லறையில் காட்டுப் பூக்களால் ஆன மாலையை வைத்து அஞ்சலி செலுத்தினார். அவர் இறந்து இரண்டு மாதங்களுக்குள், 1897 ஜனவரி 15 அன்று இயற்றப்பட்ட சட்டம், மரண தண்டனை வேண்டாம் என்று பரிந்துரைக்கும் உரிமையை நடுவர் குழுவுக்கு வழங்கியது. கட்டாய மரண தண்டனையின் காலம் அத்துடன் முடிந்தது. 1907இல் இந்தியப் பிரதேசமும் ஒக்லஹோமா மாநிலத்துடன் இணைந்து மறைந்தது.

மதிப்பீடு

ஃபோர்ட் ஸ்மித் மக்கள் பார்க்கரை வேறு விதமாகவும் நினைவுகூர்கின்றனர். நகரின் பள்ளிக் குழுவில் அவர் பணியாற்றினார். கூட்டாட்சி அரசின் நிலம் நகரப் பள்ளிகளுக்குக் கிடைக்க உதவினார். நகர மருத்துவமனையின் வளர்ச்சியிலும் பங்கு கொண்டார். அவர் தீர்ப்பளித்த நீதிமன்ற அறையும் தூக்குமேடையின் மாதிரியும் இன்று ஃபோர்ட் ஸ்மித் தேசிய வரலாற்றுத் தளத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

160 பேரில் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர் என்றால், பாதிக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்படவில்லை என்பதும் பொருள். கருணை மனுவாலும், சிறையில் நேர்ந்த மரணத்தாலும், 1889க்குப் பின் மேல்முறையீட்டாலும் அந்த எண்ணிக்கை குறைந்தது. 1889க்கு முன்பும் பின்பும் அதே நீதிபதிதான், அதே நகரம்தான், நடுவர் குழுவுக்கு அறிவுரை கூறிய முறையும் அதுவேதான். முன்பு எவரும் கேள்வி கேட்காத விசாரணைகளில், கேள்வி கேட்கப்பட்டவுடன் மூன்றில் இரண்டு பங்கு பிழையுள்ளவை எனத் தெரிந்தன. அப்படியானால் 1889க்கு முன் தூக்கிலிடப்பட்டவர்களின் விசாரணைகளில் எத்தனை சரியாக நடந்தன என்ற கேள்விக்கு இனி விடை காண இயலாது. நேர்மையும் கடும் உழைப்பும் உள்ள ஒரு நீதிபதியின் தீர்ப்பைக்கூட மற்றொரு நீதிமன்றம் ஆராய வேண்டும் என்பதற்குப் பார்க்கரின் 21 ஆண்டுகள் சான்றாக உள்ளன.